படம் எடுத்த ஆள்

"பேரைச் சொல்லும் தம்பி, நாளைக்கே நாள் வைக்கிறன். சொல்ல ஏலாதெண்டால் வந்த வழியைப் பாரும்!"

இராஜநாயகம் கதிரையை முன்னுக்கு இழுத்தார். ஓர்ஸ் ஹில்லில் இருந்த அவர் வீட்டுக்குத் தனியாளாகப் பெண் கேட்டு வந்த ஜனுஷன் சிரித்தான். எட்டு மாதம் விளக்கமறியல் சிறையில் இருந்து, குற்றமே இல்லையென்று நீதிமன்றம் விட்டுவிட, போன கிழமைதான் வெளியே வந்தவன்.

"அதை மட்டும் கேளாதேங்கோ மாமா."

"மாமா முறை பிறகு! துறைமுகத்தடியில நிண்டு படம் எடுப்பிச்சீர். பின்னால போர்க்கப்பல் நிண்டிட்டுது. அவ்வளவுதானே?"

"ஓம். பக்கத்தில ஒரு வெள்ளைக்காரனும் அதே கப்பலைத்தான் எடுத்தவன். அவனுக்குக் குட் மோனிங், எனக்கு விலங்கு. அடையாள அட்டையில தமிழ்ப் பேரெல்லோ!"

இராஜநாயகத்தின் மனைவி புஷ்பவதி வந்து, கேட்காமலே அவன் தட்டில் இன்னும் இரண்டு வடை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

"அந்த அநியாயம் எனக்கும் கொதிக்குதுதான். என்ர கேள்வி வேற. போன் உம்மட. படத்தில நிக்கிறதும் நீர். அப்ப எடுத்தது ஆர்?"

பொலிஸ்காரரே கேட்டுக் களைத்த கேள்வி. ஜனுஷன் ஒரு வடையை எடுத்துக் கடித்தான்.

"எட்டு மாதம் உள்ளுக்கிருந்து காப்பாத்திற ஆளெண்டால், அது வேற ஒரு பெட்டைதான்!"

கதவோரம் நின்ற மகள் சுதர்ஷிகாவுக்குச் சுருக்கென்றது. தவணைக்குத் தவணை நீதிமன்ற வாசலில் காத்து நின்றவள் அவள். அவளிடம்கூட அவன் அந்தப் பேரைச் சொன்னதில்லை.

"பிள்ளை, நீ இவரை நம்புறியோ?"

"நம்புறன் அப்பா. ஆனால்... எனக்கும் அறிய வேணும்."

ஜனுஷனின் சிரிப்பு போய்விட்டது. எழுந்தான். "சொன்னால் ஒரு குடும்பத்தில சண்டை வரும் மாமா. நான் வாறன்."

"பார்த்தியே! கலியாணம் கட்டினவளாம்!" இராஜநாயகம் துள்ளி எழும்பினார்.

புஷ்பவதி தேத்தண்ணித் தட்டோடு ஓடிவந்து வாசலை மறித்தாள்.

"இருங்கோ தம்பி!" கணவன் பக்கம் திரும்பினாள். "இஞ்சேருங்கோ, நான் பொலிசுக்குப் போக வெளிக்கிட, 'ரெண்டு பேர் உள்ளுக்கிருந்து என்ன செய்யிறது மாமி' எண்டு மறிச்சது இந்தப் பிள்ளைதான். உங்களுக்குக் காட்ட வடிவான மாப்பிள்ளைப் படம் ஒண்டு வேணுமெண்டு, அந்த இடத்தில நிக்க வைச்சு எடுத்தது நான்!"