கஞ்சப் பேய் ஆர்?

“ஆரும் இந்தப் புத்தகத்தை வாங்கிப்போடாதேங்கோ!”

மைக்கைப் பிடித்துக்கொண்டு மரியம் சொன்னதைக் கேட்டுக் கூட்டம் திகைத்துப்போனது. ஏனென்றால், புத்தகத்தை எழுதிய றிப்கா அவளுடைய மருமகள்.

மன்னார் ரவுணில் சிவராசாவின் புத்தகக் கடை மாடியில் அன்று வாசகர் கூட்டம். றிப்காவின் ‘பஸ் ஸ்டாண்ட் ஜின்’ தொடரில் மூன்றாம் பாகம் வந்திருந்தது. மன்னார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் துப்பறியும் கந்தோர் நடத்தும் லைலா, அவளுக்கு உதவியாக ஒரு பயந்த ஜின் பூதம், துப்புக் கொண்டுவரும் ஒரு கழுதை. இவர்கள்தான் கதை.

அதுவரை கூட்டம் நல்லபடியாகத்தான் போனது.

“ஜின்னுக்குக் கடலைக் கண்டாப் பயமாம். மன்னார் ஜின் கடலுக்குப் பயந்தா எப்பிடி?” என்று கேட்டார் படகுக்காரர் சந்தியோகு. எல்லோரும் சிரித்தார்கள்.

“எனக்குக் கழுதையைத்தான் பிடிச்சது. அதுக்குத்தான் அந்தக் கந்தோரில மூளை இருக்கு” என்றாள் நிவேதிகா ரீச்சர்.

நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார்கள் மற்றவர்கள். ஆனால், கீழே கடையில் அடுக்கியிருந்த புத்தகத்தை ஒருவரும் தொடவில்லை. சந்தியோகுவும் ரீச்சரும்கூட முதல் இரண்டு பாகங்களையும் இரவல் வாங்கி வாசித்தவர்கள்தான்.

பிறகுதான் மரியம் எழும்பினாள்.

“ஜின்னுக்குப் பல்லு வலியாம். கழுதை பொலிசில வாக்குமூலம் குடுக்குதாம். அதைக்கூட விடுங்கோ. இந்தப் புதுப் புத்தகத்தில ஒரு கஞ்சப் பேய் வருது. வீட்டுக்கு ஆள் வந்தா ஃபேனை நிப்பாட்டுற பேய். ஊத்தின தேயிலையைத் திரும்ப ஊத்தக் காய வைக்கிற பேய். அது ஆரெண்டு வாசிக்கிறவைக்கு விளங்கும்.”

“ஆரம்மா அது?” என்றார் சந்தியோகு.

“நான் ஏன் சொல்லுறன்? வாசிச்சா மனவருத்தம்தான் மிச்சம். வாங்காதேங்கோ.”

மைக்கை வைத்துவிட்டுப் போய்க் கதிரையில் உட்கார்ந்தாள் மரியம்.

றிப்கா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மடியில் விழுந்தது. நிவேதிகா ஓடிவந்து அவளுடைய தோளைப் பிடித்தாள்.

“உன்ர மாமியெல்லாம் ஒரு மனிசியே? ஊருக்கு முன்னால இப்பிடியா செய்யிறது? இரு, நான் கேக்கிறன்.”

“வேண்டாம் ரீச்சர். விடுங்கோ.”

மாமியும் மருமகளும் ஓட்டோவில் உப்புக்குளத்து வீட்டுக்குத் திரும்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் றிப்கா கணவன் அஸாமிடம் சொன்னாள்.

“இனி நான் எழுதேல்ல. முதல் ரெண்டு பாகமும் கட்டிலுக்குக் கீழ பெட்டி பெட்டியாக் கிடக்கு. இதுவும் விக்காட்டி நாலாம் பாகம் போட ஏலாது எண்டு பதிப்பகத்தில சொல்லிப்போட்டாங்க. அது தெரிஞ்சும் உங்கட உம்மா வாங்காதேங்கோ எண்டு சொல்லுறா!”

“உம்மாவோட நான் கதைக்கிறன்” என்றான் அஸாம்.

“வேணாம். நாலாம் பாகத்தை அழிச்சிட்டு நிம்மதியா இருக்கப் போறன்.”

அடுத்த அறையில் தொழுகைப் பாயை மடித்துக்கொண்டிருந்த மரியத்துக்கு எல்லாம் கேட்டது.

அடுத்த கிழமை சிவராசாவிடமிருந்து போன் வந்தது.

“தங்கச்சி, முதல் ரெண்டு பாகமும் உங்கட வீட்டில கிடக்கெல்லே? எல்லாத்தையும் அனுப்பிவிடுங்கோ. மூண்டாவது முழுக்க முடிஞ்சுது.”

றிப்காவால் நம்ப முடியவில்லை.

“ஆரண்ணே வாங்கினது?”

“ஆர் வாங்கேல்ல எண்டு கேளுங்கோ! ஆனா எல்லாருக்கும் உங்களோட கோவம். ‘கரண்ட் பில்லுக்குப் பயந்து ஃபேனை நிப்பாட்டினா அதையும் எழுதுறதோ’ எண்டு சந்தியோகு அண்ணை வந்து சண்டை. ‘நான் தேயிலையைக் காய வைக்கிறது ரோசாச் செடிக்கு’ எண்டு நிவேதிகா ரீச்சருக்கு அழுகை. அந்தக் கஞ்சப் பேய் தன்ர மாமாவாம் எண்டு ஒரு பொடியன் மூண்டு புத்தகம் வாங்கிக்கொண்டு போறான். இப்ப எல்லாருக்கும் முதல் ரெண்டு பாகத்திலயும் தாங்கள் இருக்கினமோ எண்டு பாக்க வேணுமாம். திட்டித் திட்டி நாலாவது எப்ப வருமெண்டு கேக்கினம்!”

றிப்கா போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். மரியம் றால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“மாமி, புத்தகம் முழுக்க வித்துப்போச்சாம்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் மரியம், நிமிராமலே.

றிப்காவுக்கு அப்போதுதான் மெல்ல விளங்கத் தொடங்கியது.

“வேணுமெண்டேதான் அப்பிடிச் சொன்னீங்களோ?”

“நல்லா இருக்கு எண்டு நான் சொல்லியிருந்தா, மருமகளைப் புகழுறா எண்டு நினைச்சு, தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பிப் போயிருப்பாங்க.”

“எனக்காவது முதலே சொல்லியிருக்கலாமே மாமி! நான் எவ்வளவு அழுதன்?”

மரியத்தின் கை ஒரு கணம் நின்றது.

“கேட்டுக்கொண்டுதான் இருந்தனான் மகள். எனக்கும் சோறு இறங்கேல்ல. உன்னட்டச் சொல்லியிருந்தா உன்ர முகமே காட்டிக் குடுத்திருக்கும்.”

றிப்கா மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு றாலை எடுத்தாள். ஆனாலும் அவளுக்கு மனம் கேட்கவில்லை.

“பாவம் மாமி அவங்க. நான் ஒருத்தரையும் நினைச்சு எழுதேல்ல. அந்தப் பேய் முழுக்க என்ர கற்பனை. ஊர் ஆக்களைப் போய்ப் பேய் எண்டு சொல்லிப்போட்டீங்களே!”

“நான் எங்க சொன்னன்?” மரியம் முதல் தடவையாகச் சிரித்தாள். “அவங்கள்தானே ஒவ்வொருத்தரா வந்து சொல்லுறாங்க!”