இருபதுக்கு சைபர்

"இருபதுக்கு சைபரா? அந்த சைபரைக்கூட எவ்வளவு அழகா உருட்டிப் போட்டிருக்காரு பாரு, உங்க சாரு!"

ஹமீதா பானு விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்திலாவது நாலு வரி இருக்காதா என்ற நப்பாசைதான். மேலே பெயர் மட்டும் முத்து முத்தாக இருந்தது. ஹஃப்ஸா, ஐந்தாம் வகுப்பு. அதற்குக் கீழே வெள்ளைத்தாள்.

"கணக்குல சைபர் வாங்கினாலும் பரவால்ல, நம்ம குடும்பத்துக்கு அது பழகினதுதான். இது எதுல சைபர்னு பாரு. 'பிறரைப் புரிந்துகொள்ளும் அறிவு.' மனுஷரைப் புரிஞ்சுக்கத் தெரியாத புள்ளைன்னு எழுதியே கொடுத்துட்டாரு. நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

ஹஃப்ஸாவுக்குப் பத்து வயது.

மனிதனுக்கு ஆறறிவு என்றுதான் ஹமீதா பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஏழாவதோடு அந்தப் படிப்பும் நின்றுபோனது. நாகூரில் சலாஹுதீன் சார் மாலை நேரப் பயிற்சி மையம் திறந்து, 'அறிவு எட்டு வகை' என்று வாசலில் போர்டு வைத்த பிறகுதான், இரண்டு அறிவு குறைச்சலாகவே இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிய வந்தது.

'ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதம். நாங்கள் மதிப்பெண்ணால் அளப்பதில்லை' என்றும் அந்தப் போர்டில் இருந்தது. அளக்காவிட்டால் பெற்றவர்களுக்குத் தூக்கம் வருமா? அதனால் எட்டு அறிவுக்கும் எட்டுப் பரீட்சை, எட்டு ரேங்க். இசை அறிவுக்கு எழுத்துத் தேர்வு. விளையாட்டு அறிவுக்குக் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும்.

"பக்கத்து வீட்டு அஃப்ரீன் மக பதினெட்டு வாங்கியிருக்கா. நீ எழுதாம எங்கடி போனே?"

"கடற்கரைக்கு, உம்மா."

"கடற்கரைக்கா? யாரோட?"

"பூமிகாவோட. அவ வந்து..."

"வாயை மூடு! அன்னிக்கு அடிச்ச காத்துல ஊரே கதவைச் சாத்திக்கிட்டுக் கெடந்துச்சு. இவளுக்குக் கடற்கரை கேக்குது! உங்க வாப்பா துபாயிலேர்ந்து போன் பண்ணினா நான் என்னத்தச் சொல்லுறது?"

மகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று பயிற்சி மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சலாஹுதீன் சார் முகத்தில் வழக்கம்போல் பரிவு வழிந்தது.

"கோவப்படாதீங்க சிஸ்டர். ஹஃப்ஸாவுக்கு இந்த அறிவு கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். பரீட்சை ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஆகல, அந்தப் பூமிகா எழுந்திரிச்சு ஓடினா. பின்னாடியே இவளும் ஓடிட்டா. மத்த பதினாறு பேரும் அப்படியா? ஒருத்தர்கூடத் தலையைத் தூக்கல. அதுக்குப் பேருதான் கவனம்."

"இப்ப என்ன சார் பண்ணுறது?"

"சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் போட்டிருக்கேன். 'அன்பு காட்டுவது எப்படி?' மொத்தம் பதினஞ்சு பாயிண்ட். மனப்பாடம் பண்ணிட்டான்னா தேறிடுவா."

அன்பை மனப்பாடம் செய்துவிடலாம் என்றதும் ஹமீதாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் மீன்கூடை இறங்கியது. பூமிகாவின் அம்மா மலர்கொடி.

"யக்கா, வீட்டுக்குப் போனேன், இங்க இருக்கீங்கன்னாங்க. இந்தாங்க, ரெண்டு கொடுவா. ஹஃப்ஸாவுக்குப் பொரிச்சுக் கொடுங்க."

"இப்ப எதுக்கும்மா மீனு? நானே இவ மார்க்கைப் பாத்து வயித்தெரிச்சல்ல நிக்கிறேன்."

"என்னக்கா, இவ ஒண்ணுமே சொல்லலியா? அன்னிக்குக் காத்துல எல்லாப் படகும் கரை சேந்துருச்சு, எங்க வீட்டுக்காரரு படகு மட்டும் வரல. எங்க தெருவுல மைக்குல அவரு பேரைச் சொன்னாங்க. அது இந்த மாடி வரைக்கும் கேட்டிருக்கு. பூமிகா இங்க உக்காந்தே தேம்பித் தேம்பி அழுதிருக்கா. அப்புறம் கடற்கரைக்கு ஓடியாந்துட்டா."

மலர்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அங்க மயங்கிக் கெடக்குறேன். எம்புள்ளைய யாரு பாக்குறது? ஒங்க புள்ளைதான்க்கா, துப்பட்டாவைப் போத்திவிட்டு, கையைப் புடிச்சுக்கிட்டு, படகு கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் மணல்ல உக்காந்திருந்துச்சு. 'அழாதே'ன்னுகூட ஒரு வார்த்தை சொல்லலையாம். சும்மா கூடவே இருந்துச்சாம்."

ஹமீதா மகளைப் பார்த்தாள். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதானே உம்மா வாயை மூடச் சொன்னீங்க."

சலாஹுதீன் சார் தொண்டையைச் செருமினார்.

"நல்ல விஷயந்தான் சிஸ்டர், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பேப்பர்ல ஒண்ணுமே இல்லையே! எதைப் பாத்து நான் மார்க் போடுறது?"

"அந்தக் கேள்வித்தாளைக் கொஞ்சம் குடுங்க சார்."

ஏழாவது வரை படித்தது அன்றைக்குத்தான் ஹமீதாவுக்கு உதவியது. முதல் கேள்வியை விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள்.

"'உன் பக்கத்தில் இருப்பவர் அழுதால் நீ என்ன செய்வாய்? விரிவாக எழுதுக. பத்து மதிப்பெண்.'"

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "பூமிகா அழுதப்ப மத்த பதினாறு புள்ளைங்களும் இதைத்தான் எழுதிக்கிட்டு இருந்துச்சுங்களா சார்?"

"ஆமா சிஸ்டர்" என்றார் சலாஹுதீன் சார், பெருமை பொங்க. "எல்லாரும் பத்துக்குப் பத்து!"