சிவப்பு மை

"இன்னிக்கும் தண்ணி வடியல சார். ரோட்டுல இடுப்பளவு ஓடுது," என்றார் கிளார்க் போனில்.

"அப்ப இருக்கற இடத்துலயே இருங்க. சாப்பிட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

மேனேஜர் சாப்பாட்டை விசாரிப்பது கிளார்க்குக்கு இன்னும் பழகவில்லை. பத்து நிமிடம் தாமதமானாலே வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் சுழிக்கிற மனிதர்!

"பிஸ்கட் இருக்கு சார். அப்பா மாத்திரை போட்டாரா?"

"போட்டாச்சு. இப்ப என்னோட சீட்டாடறார். கள்ளாட்டம் வேற!"

மூன்று நாளைக்கு முன் கிளார்க் மழைக்காக லீவு கேட்டார். மேனேஜர் நம்பவில்லை. புளுகைக் கையும் களவுமாகப் பிடிக்க அவர் வீட்டுக்கே கிளம்பிப் போனார். சிவப்பு மைக்குப் பயந்த கிளார்க்கோ, நடக்க முடியாத அப்பாவைத் தனியே விட்டுவிட்டு ஆபீசுக்கு வந்துவிட்டார். அதற்குள் ஏரி உடைந்தது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது அப்பாவை மாடிக்குத் தூக்கிப் போனவர் மேனேஜர்தான்.

"சார், நீங்க மட்டும் இல்லேன்னா..."

"அதை விடுங்க. பதிவேடு என் மேஜையில இருக்கு. மூணு நாளா நான் ஆபீஸ் வரல. சிவப்பு மை போட்டுடுங்க."

கிளார்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். மேனேஜர் பெயருக்கு நேரே மூன்று கட்டங்களிலும் நீல மையால் எழுதினார்: 'ஆன் டியூட்டி'.