ஆள் வருது

எப்சிபா பெஞ்சில் தன் பக்கத்தில் வேதாகமத்தை வைத்திருந்தாள். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற இடம் அது. கோயிலுக்குப் புதிதாக வந்த ஒருத்தி, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "இங்க உக்காரலாமாக்கா?" என்று கேட்டாள்.

"ஆள் வருது" என்றாள் எப்சிபா. வாராவாரம் சொல்வதுதான். யாரும் வந்ததில்லை, யாரையும் அவள் வரச் சொன்னதுமில்லை. இடித்துக்கொண்டு உட்கார அவளுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

வந்தவள் அந்தப் பெஞ்சை ஒட்டியே நின்றாள். பின்னால் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வேண்டாமென்று தலையசைத்துவிட்டாள். அவரவர் பாவத்தை நினைத்து அறிக்கையிடும்படி போதகர் ஐயர் சொன்னார். எப்சிபா முழங்காலிட்டு, கண்ணை மூடி, உண்மையாகவே தேடிப் பார்த்தாள். இந்த வாரம் ஒன்றும் அகப்படவில்லை.

பிரசங்கம் நீண்டது. நின்றவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள், அங்கிருந்து அசையவில்லை.

ஆராதனை முடிந்து கோயில் காலியானது. எப்சிபா வேதாகமத்தை எடுக்கக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும்க்கா, அவங்க இன்னும் வரலையே" என்றாள் நின்றவள். "வரட்டும். யாருன்னு பாத்துட்டே போறேன்."