நெற்றிக்குப் பின்னால்

"நீங்க கேரம் ஆடும்போது, உங்களையே கண்காணிக்கிற மூளைப் பகுதி அடங்கிடுது. இந்தக் கோடு தாழுது பாருங்க" என்று டாக்டர் கோமளா திரையைக் காட்டிய நாளிலிருந்து சூசைநாதனுக்கு ஒரு காய்கூட ஒழுங்காக விழவில்லை. ஸ்ட்ரைக்கரில் விரலை வைத்ததும் அந்தப் பகுதி அடங்கிவிட்டதா என்று உள்ளே எட்டிப் பார்ப்பான். உடனே அது முழித்துக்கொள்ளும். பல் தேய்க்கும்போதுகூட யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. நாளைக்கு மாநில இறுதிப் போட்டி.

ஆய்வுக்கூடத்துக்கே ஓடி வந்துவிட்டான். கம்பிகள் தொங்கும் தொப்பியை மாட்டிவிட்டு அவள் திரைமுன் உட்கார்ந்தாள். அவன் அங்கிருந்த கேரம் பலகையில் பவுடர் தூவி அடித்தான். சிவப்புக் காய் குழியின் விளிம்பில் நின்றுகொண்டு அவனைப் பார்த்தது.

"மேடம், நீங்க சொன்னதுதான் மண்டைக்குள்ள பூந்துக்கிச்சு. அத்த எட்த்து வுடுங்க."

அவள் திரைப் பக்கம் இன்னும் குனிந்தாள்.

"மேடம்!"

மேசையில் அவளுடைய போன் அடித்து ஓய்ந்தது. டீயில் ஆடை படிந்திருந்தது. அவனுடைய மூளை அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு லேசாகப் பிரிந்திருக்க. அந்த முகம் அவனுக்குத் தெரியும். கிளப் சுவரில் தொங்கும் படங்களில், ஆட்டத்தின் நடுவே, அது அவனுடைய முகம்.

அவன் தொலைத்தது அவளிடம் இருந்தது. உலுக்கிவிடலாம் என்று தொப்பியோடு எழுந்தான். அதற்குள் போன் மறுபடி அடித்தது. சட்டென்று அதை எடுத்து, அவளுக்குக் கேட்காதபடி இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, மூச்சுவிடாமல் அப்படியே நின்றான்.

திரையில் அந்தக் கோடு தாழத் தொடங்கியது. கோமளா நிமிர்ந்தாள். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.