மாமியார் வைத்த பரீட்சை

"முதல் கேள்வி. உனக்க மாப்பிளைக்குப் பிடிச்ச கறி என்ன?"

"சாளை மீன் கறி மாமி. கூட மரச்சீனிக் கிழங்கு."

"தப்பு!" என்று காலை வெடுக்கென இழுத்துக்கொண்டாள் ரீத்தா. அந்தக் காலின் முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மருமகள் ஷெர்லியின் கை அந்தரத்தில் நின்றது. "சாளைன்னா அவனுக்கு ஆகவே ஆகாது. கோழின்னு சொல்லு."

"போன்ல எப்பவும் சாளை சாளைன்னு உயிர விடுதாரே?"

"ஊர்ல கெடக்க கெட்டினவ மனசு நோகப்பிடாதுன்னு சொல்லுதாண்டி. அவனப் பெத்தது நானா, நீயா?"

ஷெர்லிக்கு எரிச்சலாக வந்தது. கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகுமுன்பே ஜெஃப்ரின் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிட்டான். மனைவியை அங்கே அழைத்துக்கொள்ள அவன் மனுப் போட்டு இரண்டு வருடம் தாண்டிவிட்டது. கேட்ட காகிதத்தையெல்லாம் கொடுத்தாயிற்று. கொடுத்ததையே திரும்பவும் கேட்டார்கள், அதையும் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தால் போதும், "விசா வந்தா பிள்ளே?" என்று ஊரே வளைத்துக்கொள்ளும். இவர்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா என்று கத்த வேண்டும்போல இருக்கும்.

ஒருவழியாக, வருகிற திங்கட்கிழமை சென்னையில் இண்டர்வியூ. ஒரு மாதம்கூடச் சேர்ந்து வாழாத இந்தக் கல்யாணம் நிஜக் கல்யாணம்தானா என்று துருவித் துருவிக் கேட்பார்களாம். பதில் பிசகினால் காத்திருந்ததெல்லாம் வீண். அதற்குத்தான் இந்தப் பரீட்சை. வாத்தியார் வேலையை மாமியார் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது. அவனுக்க நெத்தியில தழும்பு இருக்கே, எப்படி வந்தது?"

"சின்னதுல சைக்கிள்ல இருந்து விழுந்தது."

"கொல்லாமரத்துல இருந்து விழுந்தது!"

"அவரே என்கிட்ட சைக்கிள்னுதானே மாமி சொன்னாரு?"

"அடுத்த வீட்டுக்காரனுக்க கொல்லாமரம்டி அது. முந்திரிப்பழம் களவாங்கப் போய் விழுந்தேன்னு கெட்டினவகிட்ட எவனாவது சொல்லுவானா?" ரீத்தா பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "என்னட்டி, சாயாவுல சீனியே இல்ல?"

"போட்டேனே மாமி" என்றாள் ஷெர்லி, போடாமலே.

"ம்... எப்படிப் படுத்து ஒறங்குவான்?"

"குப்புற."

"மல்லாந்து!"

"மாமி, அதுகூடவா எனக்குத் தெரியாது?" ஷெர்லியின் முகம் சிவந்துவிட்டது.

"ஒரு மாசம்கூட முழுசாப் பாக்காத உனக்குத் தெரியுமா, வளத்த எனக்குத் தெரியுமா?"

ஷெர்லிக்குப் பொறுமை போய்விட்டது. "நமக்கு எதுக்கு இந்த வழக்கு? அவருகிட்டயே கேட்டுருவோம்" என்று போனை எடுத்தாள்.

ரீத்தா அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அங்க இப்ப நட்டநடு ராத்திரி. அசந்து ஒறங்குத பிள்ளைய எழுப்பி, நீரு எப்படி ஒறங்குவீருன்னு கேக்கப் போறியா? இந்தா பாரு மக்கா, எல்லாம் நீ சொல்லப் போற பதில்லதான் இருக்கு. மரியாதைக்கு நான் சொல்லித் தாறத அப்படியே சொல்லு."

மேற்கொண்டு மல்லுக்கட்ட ஷெர்லிக்குத் தெம்பில்லை. "செரி மாமி" என்று எழுந்துபோய்க் கைகழுவிவிட்டு வந்து, ரீத்தாவின் தலையைச் சாய்த்துக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள். மூடிய கண்ணோடு ரீத்தா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். "கோழி... கொல்லாமரம்... மல்லாந்து... மறந்துராத, என்ன?"

புதன்கிழமை காலை, சென்னையிலிருந்து வந்த ஷெர்லி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து மாமியாரைக் கட்டிப்பிடித்தாள்.

"கெடச்சாச்சு மாமி! விசா கெடச்சாச்சு!"

ரீத்தா அவளை விலக்கி நிறுத்தி முகத்தைப் பார்த்தாள். "கோழின்னு சொன்னியா?"

"கோழியும் கேக்கல, கொல்லாமரமும் கேக்கல."

"பின்ன என்னத்தத்தான் கேட்டான் அந்த ஆபீசரு?"

"கல்யாணம் முடிஞ்ச பொறவு யாருகூட இருக்கீங்கன்னு கேட்டாரு. எனக்க மாமிகூடன்னு சொன்னேன். அவங்களப் பத்திச் சொல்லுங்கன்னாரு. அதுக்கெல்லாம் எனக்குப் பரீட்சைக்கா படிக்கணும்? எந்த முட்டுல வலி, எந்தக் கண்ணுக்குச் சொட்டு மருந்து, உங்களுக்குச் சுகர் இருக்கதால சாயாவுல சீனி போட்டாச்சுன்னு தினமும் ஏமாத்துதது, இடி இடிச்சா நீங்க எனக்க கையப் பிடிச்சிட்டுத்தான் ஒறங்குவீங்கங்கது... எல்லாத்தையும் சொன்னேன். போதும் போதும்னு சிரிச்சிட்டாரு. மாமியார இப்படிப் பாத்துக்கிடுத பொண்ணு பொய்க் கல்யாணம் பண்ணியிருக்க மாட்டான்னு சொல்லிட்டாரு. உங்களாலதான் மாமி எனக்கு விசாவே கெடச்சது!"

ரீத்தா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து ஷெர்லியும் கண்கலங்கி, பழக்கதோஷத்தில் அவள் கால்முட்டைப் பிடித்துவிடத் தொடங்கினாள்.

அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள் ரீத்தா.

"சாளை இல்லேன்னா அவனுக்குச் சோறே எறங்காதுட்டி. தழும்பும் சைக்கிள்ல இருந்து விழுந்ததுதான். நீ என்னை விட்டுட்டுப் போயிரப்பிடாதுன்னு அத்தனையையும் மாத்தி மாத்திச் சொல்லித் தந்தேனே, அதுல ஒண்ணைக்கூடவா அந்தப் படுபாவி கேக்கல!"