ரேன்ஸ் நகரத்து வெறுங்கால்

“ஏம்மா, கண்ணு தெரியலையா? பூட்ஸோட உள்ள வர்றியே.”

முரளிதரன் போட்ட சத்தத்தில் கோயில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. தூணோரம் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணிக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் விரல் தன் காலை நோக்கி நீண்டது புரிந்தது. முகம் சிவக்க, குனிந்து பூட்ஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.

வாசலில் பூ வாங்கிக்கொண்டிருந்த கைடு ராஜி ஓடி வந்தாள். அப்பா பர்மியர், அம்மா தமிழ், பிரெஞ்சும் படித்த பெண்.

“மன்னிச்சுக்குங்க மாமா. நான் சொல்றதுக்குள்ள உள்ள வந்துட்டாங்க. ரொம்ப நாளைக்கப்புறம் எனக்குக் கிடைச்ச டூரிஸ்ட். திட்டாதீங்க.”

“எந்த ஊராம்?”

“பிரான்ஸ்.”

அவ்வளவுதான், முரளிதரனுக்குக் குஷி பிறந்துவிட்டது.

ரங்கூனின் பபேடான் வட்டாரத்தில் பம்பும் குழாயும் விற்கும் முரளிதரன் போன வருஷம் பிரான்ஸ் போய் வந்தவர். பாரிஸில் ஹோட்டல் வேலை பார்க்கும் தங்கை மகன் சுந்தர், தனக்கு லீவு கிடைக்காத ஒரு நாளில் மாமாவை ரேன்ஸ் நகரத்துக்குப் போகும் சுற்றுலா பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் இவர் இத்தனை மாதமாக ஊரை அறுத்துக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சு ராஜாக்களுக்கு முடிசூட்டிய மாதாகோயில், யுத்தத்தில் தலை உடைந்து விழுந்த தேவதைச் சிலை, தலையைப் பொறுக்கி ஒட்டவைத்த பிறகும் மாறாத அதன் சிரிப்பு. டீக்கடைக்கே எல்லாம் மனப்பாடம். ரங்கூனிலேயே இருக்கும் மாதாகோயில்களில் ஒன்றைக்கூடத் தலை நரைக்கும்வரை எட்டிப் பார்க்காத ஆள் ரேன்ஸைப் பற்றிப் பேசுவது அவருக்கே சிரிப்புதான். வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

“ராஜி, அவங்களுக்கு நல்லாச் சொல்லு. நான் ரேன்ஸ் மாதாகோயிலுக்கே போயிருக்கேன். இங்க பயாவுக்கு, அதான் புத்தர் கோயிலுக்குப் போற மாதிரி, வாசல்லயே செருப்பு, சாக்ஸ் எல்லாம் கழட்டிட்டேன். எனக்கு யாரும் சொல்லல, பழக்கம். உடனே கைடம்மா மத்தவங்களுக்கு ஆர்டர் போட்டாங்க. பஸ்ல வந்த அத்தனை பேரும் கழட்டினாங்க. அந்தக் குளிர்ல, கல்லுத் தரையில.”

“கழட்டினாங்களாம்,” என்றார் கோயில் கமிட்டித் தலைவர் பொன்னுத்துரை. இந்த ஊரில் முரளிதரனை நம்பாத ஒரே ஆள். “எங்க எதிர்வீட்டுக்காரர் வாராவாரம் சர்ச்சுக்கு ஷூ போட்டுக்கிட்டுத்தான் போறாரு.”

“அது வேற அண்ணே. அங்கேயும் கைடு இல்லாம வந்ததுங்க ஷூவோடதான் திரிஞ்சுதுங்க. விவரம் தெரியாத கூட்டம். எங்க செட்டு அப்படியில்ல.”

“நீ அளக்கிறதுல பாதியைத் தள்ளிட்டுத்தான் நான் கேக்கிறது.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். முரளிதரனுக்குச் சுருக்கென்றது. போனை எடுத்தார்.

“இன்னிக்குத் தீர்ந்துபோகட்டும். இதுல கைடம்மா என்ன சொல்றாங்கன்னு இந்தம்மாவே கேட்டுச் சொல்லட்டும். நான் சொன்னது பொய்யின்னா இனிமே இந்தக் கோயில்ல வாயே திறக்கல.”

“அப்படி ஒரு நல்லது நடந்தா சரி,” என்றார் பொன்னுத்துரை.

ராஜியைத் தவிர ஊரே பார்த்த வீடியோதான். குட்டையான கைடம்மா கூட்டத்திடம் தணிந்த குரலில் ஏதோ சொல்கிறார். பிறகு அவரே குனிந்து தன் ஷூ நாடாவை அவிழ்க்கிறார். கைத்தடி வைத்திருந்த ஒரு கிழவர்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு கழற்றுகிறார். அந்தப் பிரெஞ்சு மட்டும் இதுவரை யாருக்கும் புரிந்ததில்லை, முரளிதரன் உட்பட.

பெண்மணி ஒரு முறை கேட்டார். மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். முரளிதரனைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

பிறகு அவர் நிதானமாகச் சொன்னதை ராஜி எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

“இவர் சொல்றது நிஜம்தானாம். கைடு எல்லாரையும் செருப்பைக் கழட்டத்தான் சொல்றாங்களாம். தனக்கும் அது தெரிஞ்சிருக்கணுமாம், மன்னிக்கணுமாம்.”

பொன்னுத்துரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “முரளி நாலு ஊரு பார்த்தவருப்பா” என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கலைந்தது. பெண்மணி வெறுங்காலோடு சன்னதிப் பக்கம் போனார்.

முரளிதரன் ராஜியை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அந்தக் கைடம்மா சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு. அடுத்த தடவை வீடியோ காட்டும்போது நானே எடுத்துவிடணும்.”

ராஜி தயங்கினாள். “வேணாம் மாமா. அதான் ஜெயிச்சுட்டீங்களே.”

“சும்மா சொல்லு.”

“‘இந்தப் பெரியவர் செருப்பைக் கழட்டிட்டாரு. இங்க அந்த வழக்கம் இல்லன்னு தெரிஞ்சா கூச்சப்படுவாரு. நாமளும் கழட்டிடுவோம். யாரும் சிரிக்காதீங்க.’ இதுதான் சொல்றாங்க.”

முரளிதரனுக்கு அந்தக் கல்லுத் தரையின் குளிர் இப்போதுதான் காலில் ஏறியது. அத்தனை பேரும் தனக்காக நடுங்கியிருக்கிறார்கள். தான் என்னவோ அவர்களுக்கு மரியாதை சொல்லிக்கொடுத்தவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறோம். எப்பேர்ப்பட்ட அசடு, அதையும் வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டிய அசடு என்று தன்னையே நொந்துகொண்டார்.

“அப்போ, இந்தம்மா இப்ப சபையில சொன்னது?”

“இவங்களும் அதையேதான் செஞ்சாங்க மாமா,” என்றாள் ராஜி மெல்ல. “அதுவும் நீங்க எல்லார் முன்னாடியும் திட்டினதுக்கப்புறம்.”